புளிப்புக் கொடி

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சிறு மடம். அங்கே குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். மருதாசலம் பாதி ஆயுளைக் காடு மேட்டில் கழித்துவிட்டு மடத்துக்கு வந்தவர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

மடத்துப் பந்தலில் தாட்பூட் பழம் என்கிற பேஷன் ஃப்ரூட் கொடிகள் இரண்டு இருந்தன. எலுமிச்சையைவிடப் பெரிதாய், மஞ்சளாய்க் காய்க்கும். அரை ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புதுப்பழம் தோதுப்படுமா என்று பார்க்கத்தான் குரு வளர்த்தார். ஒரு கொடியின் பழம் இனிப்பு. மற்றதை வாயில் வைத்தால் கண் தானாக மூடிக்கொள்ளும்.

“இந்தப் புளிப்பை எதுக்குங்க சாமி வெச்சிருக்கோம்?” என்று மருதாசலம் ஒருநாள் கேட்டார்.

குரு இரண்டு கொடிகளின் நுனியையும் சேர்த்துப் பந்தலில் கட்டினார்.

“ரெண்டும் இருக்கட்டும்” என்றார்.

மருதாசலம் தலையாட்டினார்.

பிறகு குரு காசிக்குப் போனார். திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் மருதாசலம் இனிப்புக் கொடியைத் துண்டு துண்டாக வெட்டி, வேர்பிடிக்க வைத்து, கீழே இருந்த ஊர் முழுக்கக் கொடுத்திருந்தார். இடத்தை அடைக்கிறது என்று புளிப்புக் கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டார்.

குரு வந்த வாரமே பாவாயி மடத்துக்கு வந்தார். மருதாசலத்தின் பேச்சை நம்பிப் பாகல் பந்தலைப் பிரித்துவிட்டு இந்தக் கொடியைப் படரவிட்டவர். மடியிலிருந்து வாடிய பூக்களை எடுத்துக் கீழே போட்டார்.

“பூவாப் பூக்குதுங்க சாமி. ஒரு பிஞ்சு நிக்கல. பாவக்கா இருந்தா சந்தைக்குப் போயி அரிசி வாங்கியாந்திருப்பேன். என்ற கைதான் ராசியில்லைங்களா?”

பாவாயி திட்டியிருந்தால்கூட மருதாசலம் தாங்கியிருப்பார்.

குரு ஒரு பூவைக் கையில் எடுத்தார்.

“உங்க கை நல்ல கைதான் அம்மா. இந்தப் பூவுக்கு அதே கொடியோட மகரந்தம் சேராது. வேற கொடியிலேருந்து வண்டு கொண்டாரணும்.”

“ஊரு முச்சூடும் நான் குடுத்தது ஒரே கொடியோட துண்டுதானுங்களே” என்றார் மருதாசலம்.

“அப்ப இங்க புளிப்புக் கொடி ஒண்ணு இருந்துச்சே, அதுல ஒரு துண்டு குடுங்க” என்றார் பாவாயி.

மருதாசலம் பந்தலைக் காட்டினார். அந்தக் கொடி இருந்த பக்கம் பந்தல் வெறுமையாக இருந்தது.

“காலையில நாங்க ரெண்டு பேரும் வர்றோம் அம்மா. பாகல் பந்தலைப் போட்டுத் தர்றோம்” என்றார் குரு.

பாவாயி சரி என்று சொல்லிவிட்டுப் போனார். பூக்கள் அங்கேயே கிடந்தன.

“அன்னைக்கே காரணத்தையும் சொல்லியிருக்கலாமுங்களே சாமி.” மருதாசலம் கோபத்தில் கேட்கவில்லை, மனம் தாங்காமல் கேட்டார்.

“நீங்க கேட்டிருக்கலாமே.”

“புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டனுங்க.”

குரு கீழே கிடந்த பூக்களைப் பொறுக்கினார்.

“ஆமா, தலையாட்டுனீங்க. ரெண்டே வார்த்தையில புரியவெச்சிட்டோம்னு எனக்கும் அன்னைக்கு அவ்வளவு பெருமை.”