எச்சில் காது

கொல்லிமலையில் காதுச்சாமி என்று ஒருவர் இருந்தார். சருகின் மேல் எறும்பு ஊர்ந்தால், "பாவம், ஒரு கால் நொண்டுது" என்பார். குனிந்து பார்த்தால் நொண்டும். பலாமரத்தில் காதை வைத்து, நாளைக்கு விழப்போகும் பழம் எது என்று சொல்வார். மறுநாள் அது விழாமல் போனால் ஊரார் பழத்தைத்தான் திட்டினார்களே தவிர, சாமியை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவரிடம் செங்கோடன் என்று ஒரு சீடர் இருந்தார். சாமியைவிட வயதில் மூத்தவர். நாமக்கல்லில் இருந்து கல்கத்தா வரைக்கும் முட்டை லாரி ஓட்டியவர். அவர் ஹாரன் அடித்தால் பின்னால் இருக்கும் முட்டைக்குள் குஞ்சு முழித்துக்கொண்டு, 'என்ன ஊர் வந்தது?' என்று கேட்கும். இன்ஜின் இரைச்சல், சுங்கச்சாவடிச் சண்டை, முதலாளியின் வசவு, இவைதான் அவர் காது கண்டவை. அவரிடம் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. பேசினாலும் கேட்டிருக்காது. மனைவி இருந்தவரைக்கும் "சாப்பிட வாங்க" என்பதைக்கூடக் கத்தித்தான் சொன்னாள். அவளும் என்ன செய்வாள்?

அவள் போன பிறகு லாரியை விற்றுவிட்டு மலையேறினார். தீட்சை வேண்டும் என்றார். ஆசிரம வாசலைக் கூட்டுங்க என்றார் சாமி. வருஷக்கணக்காகக் கூட்டினார்.

அந்த ஆசிரமத்தில் தீட்சைக்கு ஒரு முறை உண்டு. குருவும் சீடரும் எதிரெதிரே உட்காருவார்கள். இருவர் தலையையும் சேர்த்து ஒரு புதுவேட்டியால் மூடுவார்கள். உள்ளே, சீடரின் வலது காதில் குரு மந்திரம் ஓதுவார். வேட்டியை எடுக்கும்வரை யாரும் குரல் எடுத்துப் பேசக் கூடாது. மூச்சளவுதான்.

செங்கோடனுக்குத் தைப்பூசத்தன்று தீட்சை என்று முடிவானது. முந்தின நாள் மத்தியானம், தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி, வலது காதிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஒழுக, அவர் சாமி முன்னால் வந்து நின்றார்.

"என்ன டிரைவரே, காதுக்குக் குழம்பு வச்சீங்களா?"

"ஏனுங்க? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. வலது காது அடைச்சுப்போச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"கழுவுனனுங்க. சீயக்காய், மஞ்சள், எலுமிச்சம்பழம், எல்லாம் போட்டு."

"எதுக்கு?"

செங்கோடன் மடியிலிருந்து கைப்பேசியை எடுத்தார். காதில் மாட்டும் ஒயரில் அரிசி ஒட்டிக்கொண்டு வந்தது. அரிசிச் சாக்குக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

"எச்சிலாப் போச்சுங்க சாமி, இந்தக் காது. வாய் வெச்ச சொம்புல சாமிக்குத் தண்ணி வெப்பாங்களா? இதுல மந்திரத்த வாங்கலாமுங்களா? நாளைக்கு வேணாங்க. என்னைக் கீழ அனுப்பிருங்க."

"யாரு வாய் வச்சது?"

"ஒரு பொண்ணுங்க. பேர் தெரியாது, மூஞ்சி தெரியாது. தூக்கம் வராதவங்க கேக்கறதுக்குன்னு பதிஞ்சு விட்டது, இதுக்குள்ள இருக்குது. பாடறதில்ல, கதை சொல்றதில்ல. தலை சீவுது. வளையலக் கழட்டி வெக்குது. மல்லிப்பூச் சரத்தப் பல்லுல கடிச்சு அறுக்குது. அப்புறம் காதுக்குள்ளாறயே வந்து, 'வந்துட்டியா கண்ணு' அப்படிங்குது. அவ்வளவுதானுங்க. உச்சந்தலையில எறும்பு ஊர்ற மாதிரி ஒண்ணு கிளம்பி முதுகெல்லாம் இறங்குது. அந்தச் சத்தத்துல அப்படி என்னதானுங்க இருக்குது?"

"ஆசை வருதா?"

"வருது. உங்ககிட்டப் பொய் சொல்லி என்ன ஆவப்போவுது? ஆசை மட்டும்னாத் தெரிஞ்சவன்தானுங்க, 'வாடா'ன்னு சொல்லிட்டுப் போயிருவேன். கூடவே அழுகையும் வருதுங்க. அதுதான் யாருன்னு தெரியல."

சாமி கையை நீட்டினார். ஒயரின் இரண்டு முனையையும் தன் காதுகளில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

மலை முழுக்க அமைதியாக இருந்தது. ஒரு மரங்கொத்தி கொத்துவதை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது என்று பிறகு சொன்னார்கள். சாமியின் முகம் கோயில் நடை திறக்கும்போது நிற்பவர்களின் முகம்போல ஆயிற்று.

"பட்டுச்சேலை இல்ல, கஞ்சி போட்ட நூல்சேலை. மடிப்பைப் பிரிக்கிறா," என்றார் மெதுவாக. "வளையல்ல ஒண்ணு கீறல் விட்டிருக்கு. அதை மட்டும் பாத்துப் பாத்துக் கழட்டுறா. முடி ஈரமா இருக்கு." கண்ணைத் திறந்தார். "டிரைவரே, ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாடியும் மூச்சைப் பிடிச்சுக்கிறாளே, கவனிச்சீங்களா?"

"கவனிச்சனுங்க. எதுக்குங்க?"

"தூங்குற பிள்ளை இருக்குற அறைக்குள்ள எப்படிப் போவீங்க?"

செங்கோடன் தலை குனிந்துகொண்டார்.

சாமி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெற்றிலையை மடித்தார்.

"பிரம்மா உடம்பு செஞ்சாருல்ல, அப்ப கண்ணுக்கு ஒரு கதவு வச்சார். வாய்க்கு ரெண்டு கதவு. காதுக்கு வர்றப்ப தோல் தீந்துபோச்சு. 'எனக்கு மட்டும் கதவில்லையே, கண்டவனும் வருவானே'ன்னு காது ஒரே அழுகை. பிரம்மா அதட்டினார், நிக்கல. கத்தினார், இன்னும் அழுதுச்சு. கடைசில என்ன செய்யறதுன்னு தெரியாம, கிட்டப் போயி, மூச்சாலயே 'அழாதே'ன்னார். அவ்வளவுதான், உடம்புல இருந்த அத்தனை மயிரும் எந்திரிச்சு நின்னுருச்சு. அதுவரைக்கும் உலகத்துல புல்லரிப்புன்னு ஒண்ணு கிடையாதாம்."

"அப்புறம் கதவு வெச்சாருங்களா?"

"வேற இடத்துல இருந்து தோல் எடுத்துட்டு வந்தார். காதுதான் வேண்டாம்னிருச்சு."

செங்கோடன் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அதெல்லாஞ் சரிங்க. என் காது எச்சிலாச்சே?"

"உங்களுக்குப் பேரு வச்சப்ப, காதுல 'செங்கோடா, செங்கோடா'ன்னு ஓதினது யாரு?"

"எங்க அத்தைங்க."

"வாயாலதானே சொன்னாங்க?"

செங்கோடன் காது மடலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"காலையில வாங்க," என்றார் சாமி.

காலையில் போனார். காது திறக்கவே இல்லை. இடது காதில் ஓதச் சொல்லிக் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் மற்ற சீடர்கள் புதுவேட்டியைப் போர்த்திவிட்டார்கள். உள்ளே வெளிச்சம் வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. சாமி குனிந்து, அடைத்துப்போன அந்த வலது காதுக்கே வந்தார்.

ஒரு சொல்லும் கேட்கவில்லை. வேட்டி உரசியது தெரிந்தது. தாடி மயிர் ஒன்று காது மடலைத் தொட்டது. வெற்றிலை மணந்தது. ஈரமான இரண்டு உதடுகள் பிரிந்தன, கூடின, மறுபடி பிரிந்தன. சூடாக மூச்சு வந்து நின்றது.

உச்சந்தலையில் எறும்பு கிளம்பியது. இத்தனை வருஷமாக ஹாரனும் இன்ஜினும் ஏறி மிதித்த இடங்களில் எல்லாம் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டு அது முதுகில் இறங்கியது. கையில் மயிர் எழுந்து நின்றது. சத்தமாகப் பேசிப் பேசியே செத்துப்போன மனைவி ஒரு நாளாவது தன் காதருகே வந்திருப்பாளோ, தனக்குத்தான் கேட்காமல் போயிற்றோ என்று தோன்றியது. கண்ணீர் மளமளவென்று இறங்கியது. கூடவே பயமும் வந்தது.

"சாமி," என்றார் மூச்சாக. "ஒரு சொல்லும் வெளங்கலீங்க."

செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது போவட்டுங்க. அந்தப் பொண்ணு பேசறப்ப ஒண்ணு வருமுன்னு சொன்னேனுங்களே, அதேதானுங்க இப்பவும் வந்துச்சு. இம்மிகூட மாறல. அப்ப எனக்குத் தீட்சை ஆவலீங்களா?"

சாமி வலது காதை விட்டுவிட்டு, நன்றாகக் கேட்கும் இடது காதுக்கு வந்தார். ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு யாரு ஓதிவிட்டாங்களோ, டிரைவரே."