மடத்துப் பூண்டு

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதன் தலைவி திலகவதி அம்மைக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய முதல் சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபத்தாறு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘பூண்டு, வெங்காயம் உள்ளே கொண்டுவரக் கூடாது’ என்று வாசலில் தொங்கும் பலகை அவர் கைப்பட எழுதி மாட்டியது.

கோமதிநாயகம் கெட்டவர் இல்லை. விடியுமுன் எழுந்துவிடுவார். பொய் சொல்ல மாட்டார். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார். அப்படிப்பட்டவர் செய்ததைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மடத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம். கீரை, கத்திரி, நாலு மிளகாய்ச் செடி. கார்த்திகை பிறந்த சில நாளில், துவைகல்லுக்குப் பக்கத்துப் பாத்தியில் பச்சைத் தளிர்கள் வரிசையாகத் தலைநீட்டின. யாரோ பக்தர் நிலச்சம்பங்கிக் கிழங்கு ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார் என்று கோமதிநாயகம் தானாகவே முடிவு செய்துகொண்டார். யாரையும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமும் இல்லை.

களை எடுத்தார். சாம்பல் தூவினார். நாள் தவறாமல் தண்ணீர் விட்டார். “இந்த வருஷம் குருபூஜை மாலைக்கு வெளிய பூ வாங்க வேண்டாம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

பங்குனியில் இலை நுனிகள் மஞ்சளாயின. அவர் இன்னும் ஒரு குடம் கூட்டி ஊற்றினார்.

மடத்தைப் பெருக்கித் துடைக்கும் பேச்சித்தாய் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் வாயைத் திறந்துவிட்டாள்.

“இனிமே தண்ணி விடாதீங்கய்யா. அழுகிப் போயிரும்.”

“வாடுற செடிக்குத் தண்ணி விடக் கூடாதா? யாரு சொன்னா?”

“வாடலைய்யா. இலை மஞ்சளானா உள்ள முத்திட்டுன்னு அர்த்தம். ஒரு வாரம் மண்ணைக் காயப் போட்டுத்தான் பிடுங்கணும்.”

“எதைப் பிடுங்கணும்?”

கோமதிநாயகம் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். மண்ணோடு ஒரு வெள்ளைப் பூண்டு வந்தது. நல்ல பருமன். கையை மூக்கருகே கொண்டுபோனார்.

“நீயா ஊனுனே?”

“ஆமாய்யா. மகளுக்கு அஞ்சாம் மாசம் ஊனுனேன். பேறுகாலமும் இதுவும் சேந்து வரட்டும்னு. எங்க வீட்டுல ஊனுறதுக்கு ஒரு கை மண்ணு கிடையாது. சுத்திலும் சிமெண்டுதான்.”

பிள்ளை பெற்றவளுக்குப் பாலில் பூண்டு வேகவைத்துக் கொடுப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அவளுடைய மகள் பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. தாய்ப்பால் போதாமல் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. இதையும் பேச்சித்தாய் சொன்னாள். அவர் காதில் ஏறவே இல்லை.

பாத்தி முழுவதையும் பிடுங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில் வீசினார். நாலு மாதம் தானே பார்த்துப் பார்த்து வளர்த்த பயிர் அது. அதன் பெயர் தெரிந்ததும் அவருக்கு ஆகாமல் போய்விட்டது.

அதே வேகத்தில் அம்மையிடம் போனார்.

“பேச்சித்தாயை இன்னையோட நிறுத்திரணும் அம்மா.”

“என்ன செஞ்சா?”

“மடத்து மண்ணுல பூண்டு போட்டிருக்கா. என் கையாலயே அதுக்குத் தண்ணி ஊத்த வச்சிருக்கா.”

“பூண்டு ஏன் ஆகாது அண்ணாச்சி?”

“தெரியாமலா கேக்கீங்க? கோபத்தைக் கிளப்பும். மனசு அடங்காது.”

“நீங்க அதை விட்டு எத்தனை வருஷம் இருக்கும்?”

“பதினோரு வருஷம் முடிஞ்சிட்டு.”

அம்மை, மண்ணோடு இறுக மூடியிருந்த அவருடைய கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார்.

ஓடைக்கரையில் பேச்சித்தாய் அழுதுகொண்டே பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பூண்டை ஒவ்வொன்றாக எடுத்து மண் தட்டி மடியில் போட்டுக்கொண்டார். இருவரும் முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தார்கள். அம்மை தாளோடு சேர்த்துக் கொத்துக் கொத்தாகக் கட்டி, பலகை தொங்கிய ஆணியிலேயே மாட்டினார்.

“அம்மா, இங்கயா?” கோமதிநாயகம் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

“நிழல்ல காயணும், காத்தும் படணும். இந்த இடம்தான் தோது.”

“அப்போ அவ?”

“நாளைக்கு எப்பவும் போல வருவா. இனிமே எந்தப் பாத்திக்குத் தண்ணி விடணும்னாலும் அவகிட்ட கேட்டுட்டு விடுங்க.”

ஒரு கொத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, அம்மை பேச்சித்தாயோடு அவள் வீட்டுக்குப் போனார். அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்தார். மறுநாள் மத்தியானமும் போனார். அதற்கடுத்த நாட்களிலும் போனார். மடத்துக்காரி கண்ட வீட்டில் பூண்டு உரிக்கிறாள் என்று ஊரில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். அவர்கள் வீட்டுச் சட்டியில் என்ன கொதித்தது என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலப் பூஜை முடிந்ததும், வரிசையில் வருகிறவர்களுக்கு அம்மை தன் கையால் திருநீறு பூசிவிடுவது மடத்து வழக்கம். வரிசையில் முதல் ஆளாக நிற்பது கோமதிநாயகத்தின் உரிமை. நாலு நாள் அவர் நிற்கவில்லை. தூணோரம் நின்றபடி கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் வந்து நின்றார். பின்னால் இருபது பேர். கடைசியில் பேச்சித்தாய்.

அம்மையின் கட்டைவிரல் திருநீற்றோடு நெற்றியருகே வந்தது. கோமதிநாயகம் சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“சாமி சன்னிதியில நிக்கோம் அம்மா. கையைக் கழுவிட்டு வந்திருக்கலாம்.”

அம்மை கையை இறக்கவில்லை. குரல்தான் உயர்ந்தது. அந்த மடத்தில் அதுவரை யாரும் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

“பெறந்ததுலேருந்து பசியில கத்துன பிள்ளை, இன்னைக்கு வயிறு நிறையக் குடிச்சிட்டுத் தூங்குது அண்ணாச்சி. அந்த வாசம்தான் என் கையில இருக்கு. உங்க பதினோரு வருஷத்தால யாரு வயிறு நிறைஞ்சுதுன்னு சொல்லுங்க. கழுவிட்டு வாரேன்.”