பதிவறைக் காற்று

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்துமூன்று. அதனால் சீடர் குருவை 'மேடம்' என்பார், குரு சீடரை 'சார்' என்பார். காடு, ஆசிரமம், தாடி எதுவும் கிடையாது. அம்பத்தூரில் ஒரு பரிசோதனைக்கூடம் இருக்கிறது, அங்கேதான் நடந்தது.

குருவின் பெயர் மெஹருன்னிசா. கட்டடத்துக்கும் அலுவலகத்துக்கும் வாங்குகிற சாமான்களிலிருந்து காற்றில் என்னென்ன கலக்கிறது என்று அளந்து சொல்வது அவர் வேலை. பிளைவுட், பெயின்ட், தரைவிரிப்பு, பிரின்டர் என்று எது வந்தாலும் அதை ஒரு எஃகுப் பெட்டிக்குள் வைத்து மூடுவார். ஒரு பக்கம் சுத்தமான காற்று உள்ளே போகும். மறுபக்கம் வெளியே வருகிற காற்றை மெல்லிய குழாயில் பிடித்து, அதில் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்.

சீடர் தணிகாசலம். இருபத்தாறு வருஷம் அதே கூடத்தில் சிமென்ட் கட்டிகளை நசுக்கிப் பார்த்தவர். சிமென்ட் பிரிவை மூடியதும் இங்கே மாற்றிவிட்டார்கள். இந்த வயதில் புதுப் பாடமா என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

முதல் நாள் அவர் கேட்டார்:

"எதை முதல்ல அளக்கணும் மேடம்?"

"வெறும் பெட்டியை."

"உள்ள ஒண்ணும் வைக்காமலா?"

"ஒண்ணும் வைக்காமதான். உங்க தலையில தேங்காய் எண்ணெய் இருக்கு சார். பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தீங்கன்னா அதுவும் கணக்குல வந்துடும். அப்புறம் பாவம், பிளைவுட் மேல பழி போகும்."

மறுநாளிலிருந்து தணிகாசலம் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார். பவுடரை விட்டார். வாசனை சோப்பையும் விட்டார். "என்ன, திடீர்னு சாமியார் ஆயிட்டீங்களா?" என்று அவர் மனைவி கேட்டார். அதற்கும் அவர் அசையவில்லை. வெறும் பெட்டியில் கருவி கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும்போது அவர் முகத்தில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, பேரன் பிறந்த அன்றைக்குக்கூட அது வரவில்லை என்று நான் கேள்விப்பட்டேன்.

பத்து மாதம் போயிற்று. ஒரு காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

அந்த அலுவலகத்தின் பதிவறையில் குணவதி என்ற பெண்மணி வேலை பார்க்கிறார். பழைய கோப்புகளை நகலெடுத்துக் கட்டி வைப்பது வேலை. பழைய கட்டடத்தில் பதினொரு வருஷம் அதைச் செய்தவர், ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. புதுக் கட்டடத்துக்கு வந்த நாலு மாதமாகக் கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது, மத்தியானத்துக்கு மேல் தலை வெடிக்கிறது என்கிறார். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறார் என்பது மேலாளரின் முடிவு. காற்றைப் பரிசோதிக்கலாம், குறை இருந்தால் சரி செய்கிறோம், காற்று நன்றாக இருந்தால் பொய்ப் புகாருக்காகக் குணவதி வேலையை விட்டு விலகிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு காகிதம் எழுதியிருந்தார்கள். அதில் குணவதி கையெழுத்துப் போட்டிருந்தார். அதன் நகலும் கடிதத்தோடு இருந்தது.

மெஹருன்னிசா அதைப் படித்துவிட்டுத் தணிகாசலத்திடம் கொடுத்தார்.

"நீங்களே செய்ங்க சார். ஏதாவது கேக்கணும்னா கேளுங்க."

அவர் எதுவும் கேட்கவில்லை. பதிவறை அலமாரிகளின் பலகையில் ஒரு துண்டு, சுவரின் பெயின்ட், தரைவிரிப்பில் ஒரு சதுரம் என்று எல்லாவற்றையும் தனித்தனியே பெட்டியில் வைத்து அளந்தார். அதே மாதிரி நகல் மெஷின் ஒன்றை வரவழைத்து, பெரிய பெட்டியில் வைத்து, விதிப்படி பத்து நிமிஷம் ஓட்டி அளந்தார். ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருந்தது.

கடைசியாக அறையை அளக்கப் போனார். குணவதி தலையில் மல்லிகைப்பூ வைத்திருந்தார். தணிகாசலம் தன்மையாகச் சொன்னார்:

"கொஞ்சம் வெளியில இருங்கம்மா. உங்க பூ, எண்ணெய், மூச்சு எல்லாம் கணக்குல வந்துடும்."

"நான் இருந்தாத்தானே சார்..." என்று குணவதி ஆரம்பித்தார். மேலாளர் ஒரு பார்வை பார்த்தார். குணவதி மெஷினை அணைத்தார், ஏசியை அணைத்தார், வெளியே போய் நின்றார். ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரத்தை வீணாக்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

தணிகாசலம் வழியில் கிடந்த நாற்காலியையும் வெளியே எடுத்து வைத்தார். அறையின் நட்டநடுவில், காற்றை இழுத்துக் குழாயில் பிடிக்கிற பம்பை நிறுத்தினார். கதவைச் சாத்திவிட்டு மூன்று மணி நேரம் தானும் வெளியே காத்திருந்தார். கிளம்பும்போது குணவதி கேட்டார்:

"சார், கண்டிப்பாத் தெரிஞ்சிடும் இல்ல?"

"கருவி பொய் சொல்லாதும்மா."

"அது போதும் சார்," என்றார் குணவதி. நிம்மதியாகச் சொன்னார்.

அறையின் அளவு வரம்பை ஒட்டி வந்தது, ஆனால் தாண்டவில்லை. அறிக்கை எழுதி முடித்து, வியாழக்கிழமை மத்தியானம் மெஹருன்னிசாவின் மேஜையில் வைத்தார் தணிகாசலம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஆனால் மனிதர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன சார்?"

"பலகை சரியா இருக்கு மேடம். பெயின்ட், விரிப்பு, மெஷின் எல்லாம் சரி. ரூமும் சரி. அப்புறம் அந்தம்மாவுக்கு ஏன் கண் எரியுது? நடிக்கிற ஆள் மாதிரி தெரியலையே."

மெஹருன்னிசா அறிக்கையைப் படித்தார். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. 'அளவீட்டின்போது அறையில் எவரும் இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது.

"இதுக்கு மட்டும் ஏன் கோடு?"

"நீங்க சொல்லிக் கொடுத்த முதல் பாடமாச்சே மேடம்."

மெஹருன்னிசா அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவை மூடிவைத்தார்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அந்த ரூமுக்குப் போகலாம் சார்."

"சரி மேடம்."

"தலைக்கு எண்ணெய் வச்சிட்டு வாங்க."

தணிகாசலம் தலையைத் தடவிக்கொண்டார். பத்து மாத விரதம். ஆனாலும் குரு சொன்னால் சொன்னதுதான். மறுநாள் காலை எண்ணெய்க் கிண்ணத்தை அவர் கேட்டபோது, மனைவி காரணம் எதுவும் விசாரிக்காமல் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார்.

அலுவலகத்தில் மேலாளர், "மறுபடியுமா?" என்றார்.

"இன்னும் ஒரு அளவு பாக்கி இருக்கு," என்றார் மெஹருன்னிசா.

பம்பைப் பார்த்ததும் குணவதி மெஷினையும் ஏசியையும் அணைத்துவிட்டு வாசலுக்கு நகர்ந்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"அளக்கப் போறீங்கள்ல மேடம்? என் பூவெல்லாம்..."

"பூ இருக்கட்டும். உக்காந்து தினமும் என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்க."

குணவதி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். குணவதி ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தி, மெஷினை முடுக்கினார். ஏசி குளிர் வீணாகக் கூடாது என்று ஜன்னலை முன்பே திருகாணி போட்டு அடைத்திருந்தார்கள். தரையிலிருந்து கூரைவரை புதுப் பலகை அலமாரிகள். அந்த அலமாரிக்கும் மெஷினுக்கும் நடுவில், ஒரு ஆள் நுழைகிற இடத்தில், குணவதியின் நாற்காலி. தணிகாசலத்துக்கு அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு அவர் வெளியே எடுத்து வைத்த நாற்காலி அது.

மெஹருன்னிசா பம்பின் குழாயை அந்த நாற்காலியின் முதுகில், குணவதியின் மூக்கு உயரத்துக்குக் கட்டினார். ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"நீங்களும் உக்காருங்க சார்."

"நான் என்ன செய்யணும் மேடம்?"

"ஒண்ணும் வேணாம். உக்காருங்க."

மெஹருன்னிசாவும் ஓரமாக ஒரு கோப்புக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

முதல் கட்டு ஓடியது. மூடியைத் திறந்து, தாளை வைத்து, மூடி, பொத்தானை அழுத்துவது. மறுபடி திறப்பது. மெஷின் சூடேறியது. புதுப் பலகையின் காரமான வாடையோடு மெஷினின் வாடையும் சேர்ந்துகொண்டது. தணிகாசலம் மூக்கைச் சுளித்தார். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

"வாடை போயிடுச்சு மேடம். ஏசி இழுத்துடுச்சு போல."

"வெளியில போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க."

அவர் போய் டீ குடித்தார், காற்றாட நின்றார், திரும்பி வந்து கதவைத் திறந்தார். உள்ளே வைத்த கால் நின்றுவிட்டது.

"இந்த வாடை திரும்ப எப்ப வந்துச்சு மேடம்?"

"எங்கேயும் போகலையே சார்," என்றார் மெஹருன்னிசா. "நீங்கதான் போயிட்டு வந்தீங்க."

தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்குக் குணவதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெஷின் பக்கத்தில் ஒரு நனைத்த கைக்குட்டை நாலாக மடித்துத் தயாராக இருந்தது. ஒரு கை துடைக்க, மறு கை மூடியைத் திறந்து தாளை மாற்றியது. தணிகாசலம் எண்ணத் தொடங்கினார். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தக் கைக்குட்டை பதினேழு தடவை எடுக்கப்பட்டது. எந்த நோட்டிலும் அவர் அதை எழுதவில்லை, ஆனால் அந்த எண் அவருக்கு இன்றுவரை மறக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் அவருடைய கண்ணே எரிய ஆரம்பித்தது. யாரும் பார்க்காதபடி சட்டைக் கையால் துடைத்தார். மறுபடி எரிந்தது, அழுத்தித் தேய்த்தார்.

"தேய்க்காதீங்க சார்," என்றார் குணவதி. "தேய்ச்சா ஜாஸ்தியாகும். தண்ணி தொட்டு ஒத்திக்கணும்."

சொல்லிவிட்டு மெஷினை நிறுத்தினார். தணிகாசலத்தின் சிவந்த கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதமாகத் தன் கண்ணைத் தவிர இன்னொருவர் கண் அந்த அறையில் கலங்கி அவர் பார்த்ததில்லை. வீட்டில்கூட, எல்லாம் மனப்பிரமை என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். சில நாட்களாக அவருக்கே அப்படித்தானோ என்று தோன்றியிருந்தது.

"எரியுதா சார்?" என்று கேட்டார்.

"எரியுதும்மா."

"நிஜமாவா?"

"நிஜமா எரியுது."

குணவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அது காற்றினால் வந்த கண்ணீர் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். மெஹருன்னிசா எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தார். பம்பு நேரம் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை முடிவு வந்தது. நாற்காலியில் கட்டிய குழாய் சொன்ன அளவு வரம்பை வெகுவாகத் தாண்டியிருந்தது. தணிகாசலம் இரண்டாவது அறிக்கையை எழுதினார். பலகையும் மெஷினும் தனித்தனியே சரிதான் என்று முதலில் எழுதினார். அடைத்த ஜன்னல், நாள் முழுக்க ஓடுகிற மெஷின், அதற்கும் அலமாரிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் என்று அடுத்ததாக எழுதினார். மெஷினை வெளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று முடித்தார். இந்தத் தடவை எந்த வரிக்கும் கீழே கோடு போடவில்லை.

மெஹருன்னிசா படித்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டார். குணவதி கையெழுத்திட்ட காகிதத்துக்கு இனி வேலையில்லை.

தணிகாசலம் போகவில்லை. அவர் கையில் முதல் அறிக்கை இருந்தது.

"இதைக் கிழிச்சிடட்டுமா மேடம்?"

"ஏன் சார்?"

"இது பொய்யி மேடம். இதை நம்பி அனுப்பியிருந்தா அந்தம்மா இன்னைக்கு வீட்ல இருந்திருப்பாங்க."

"இதுல எந்த எண் தப்பு?"

தணிகாசலம் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"எண் ஒண்ணும் தப்பில்ல."

"அப்ப எது பொய்?"

"இந்தக் காத்தால யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு கடைசியில எழுதியிருக்கேனே மேடம்."

மெஹருன்னிசா அறிக்கையை வாங்கினார். கோடு போட்ட வரி இருந்த பக்கத்தைத் திறந்து, அதை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அது உண்மைதானே சார். யாரும் இல்லாத அறையில யாருக்கும் ஒண்ணும் ஆகாது."