ஆவுடையப்பன் சப்பரம் தூக்காத நாள்

ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு பெரிய பானை. அவ்வளவுதான். அங்கே ஒரு சாமியார் கஞ்சி காய்ச்சி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்குக் கஞ்சிச்சாமி என்று பெயர்.

அவருக்கு ஒரே ஒரு சீடர், மாவு மில் வைத்திருந்த ஆவுடையப்பன். வேடிக்கை என்னவென்றால், சீடருக்கு வயது ஐம்பது. குருவுக்கு நாற்பதுதான் இருக்கும்.

அம்மன் கோயில் திருவிழாவில் அம்மனைச் சப்பரத்தில் வைத்துத் தோளில் தூக்குகிற கூட்டத்தில் ஆவுடையப்பன் முன்வரிசை. கல்யாணத்துக்கு முன்பே தோள் கொடுக்க ஆரம்பித்தவர். ஒரு வருஷமும் விட்டதில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மடத்துக்கு வந்தார். சாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பாதியை அள்ளிச் சீடருக்கு முன்னால் போட்டார். சீடர் அதைத் தொடவில்லை.

"சாமி, நம்பிக்கை போனவன் சப்பரம் தூக்கலாமா?"

"யாருக்குப் போச்சு?"

"எனக்குத்தான்."

"வீட்டுல ஏதும் துக்கமா அண்ணாச்சி?"

"துக்கம்னா காரணம் சொல்லிரலாமே. மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு, நல்லா இருக்கா. மில்லு ஓடுது. ஒரு குறையும் இல்ல. ஒருநாள் விளக்கேத்திக் கும்பிட்டேன். எதிர்ல யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அன்னையிலருந்து அப்படித்தான்."

சாமியார் இன்னொரு பூண்டை எடுத்து உரித்தார்.

"நாளைக்குத் தெருவுல பொம்பளையாளுக குடத்தோட நிப்பாங்க. தூக்குறவன் கால்ல மஞ்சத்தண்ணி ஊத்தி, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுவாங்க. போன வருஷம் ஒரு பிள்ளைத்தாச்சி, குனிய முடியாமக் குனிஞ்சு என் காலைத் தொட்டா. அம்மை காலைத் தொடுற நினைப்பு அவளுக்கு. உள்ள ஒண்ணும் இல்லாதவன் காலு சாமி இது. ஊரை ஏமாத்துதேன்."

"ம்."

"மாவு அரைச்சேன், ஊரு தின்னுட்டு. தோளு கொடுத்தேன், அம்மை கோயிலுக்குள்ள போயிட்டா. இத்தனை நாள் நான் எதுக்கு இருந்தேன்னு கேட்டா, சொல்ல ஒண்ணும் இல்ல. பத்து வயசு இளையவர்கிட்ட வந்து இதைக் கேக்கவேண்டியிருக்கு."

"வயசு பாத்துக் கேக்கணும்னா, அந்தா நிக்கி மருதமரம். அதுகிட்ட கேளுங்க."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. சாமியார் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நீங்க தூக்க வேண்டாம்."

விடாதீங்க, தூக்குங்க என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்து வந்தவருக்குத் திக்கென்றது.

"தூக்க வேண்டாமா?"

"தெருவுல நின்னு கும்பிடுங்க. அம்மையை நல்லாப் பாருங்க. பாத்தும் ஒண்ணும் இல்லேன்னா, இனிமே சப்பரக் கம்பை வேற ஆளுக்கே விட்டுருங்க."

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் தனக்குப் பதில் ஆள் தேடினார். சப்பரத்துக்கு உயரம் பார்த்துத்தான் ஆள் சேர்ப்பது வழக்கம். அன்றைக்கு அவர் உயரம் பார்க்கவில்லை. ஊரிலேயே பக்தி கூடினவன் யார் என்று பார்த்தார். கோயில் மணி கேட்டாலே கண் கலங்குகிற கோலப்பனைப் பிடித்தார். கோலப்பன் அரைத் தலை குட்டை. அதனாலென்ன, தோளில் துண்டை மடித்து வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்றார். பக்கத்தில் மனைவி பிரமு, மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு.

"நீங்க இங்க நிக்கது எனக்கே கூச்சமா இருக்கு" என்றாள்.

"சும்மா இரு. அம்மையைப் பாக்க வந்திருக்கேன்."

"கல்யாணமாகி இன்னைக்குத்தான் சேர்ந்து நின்னு கும்பிடப் போறோம். வேட்டியையாவது ஒழுங்காக் கட்டுங்க."

தெருமுனையில் மேளம் கேட்டது. ஆவுடையப்பனின் வலது தோள் தானாக உயர்ந்தது.

"தோளை இறக்குங்க. உங்க மேல யாரும் எதையும் ஏத்தல."

சப்பரம் தெருவுக்குள் திரும்பியது. தெருவே கை கூப்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் அம்மனின் மூக்குத்தி மின்னியது. ஆவுடையப்பனும் கையைக் கூப்பினார். முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் நிமிர்ந்தார். கண் கீழே இறங்கிக் கோலப்பன் தோளுக்குப் போய்விட்டது.

குலவைச் சத்தத்தில் கோலப்பன் மெய்மறந்து போனான். கம்பைப் பிடித்திருந்த கையை விட்டான். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "தாயே!" என்றான். வேர்வையில் நனைந்திருந்த துண்டு தோளிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. அம்மன் ஒரு பக்கமாகச் சரிந்தாள். மாலை தொங்கி ஆடியது.

தெரு "ஐயோ" என்றது.

ஆவுடையப்பன் எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. கம்புக்கு அடியில் இருந்தார்.

"ஏலே கோலப்பா, விலகு! கும்பிடுறதை வெளிய போய்க் கும்பிடு!"

சப்பரம் நிமிர்ந்தது. மறுபடியும் மேளம். அடி பிசகாமல் நாலு எட்டு வைத்திருப்பார். காலில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தது. பார்த்தால் பிரமு. குனிந்து, அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். நின்றால் பின்னால் வருகிறவர்கள் தடுமாறுவார்கள். நடந்தார்.

அம்மனைக் கோயிலில் சேர்த்துவிட்டு, ஈர வேட்டியோடு மடத்துக்கு வந்தார். சாமியார் கடைசியாக வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். இவரிடமும் ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி?"

"எங்க சாமி பாக்க? கோலப்பன் கும்பிடப் போயிட்டான், நான் உள்ள போக வேண்டியதாப் போச்சு."

"ஊரே சொல்லுது, சமயத்துல ஓடி வந்தீங்கன்னு."

"ஊரு என்னத்தையும் சொல்லட்டும். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். போனது ஒண்ணும் திரும்பி வரல. என்னைச் சுத்தி அத்தனை பேரும் அழுதாங்க, குலவை போட்டாங்க. வீட்டுக்காரி காலைத் தொட்டா. அப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியல."

"ஒண்ணுமேவா?"

ஆவுடையப்பன் யோசித்தார். தோளைத் தடவிக்கொண்டார்.

"கனம்தான் தெரிஞ்சுது."

சாமியார் அகப்பையைப் பானைக்குள் போட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"தெருவுல நின்னவங்களுக்கு அம்மை முகம் மட்டும்தான் தெரிஞ்சுது அண்ணாச்சி."