ஆராயியின் வண்ணத் தரை

காட்டோரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. கோடையில் விலங்குகள் தண்ணீர் குடிப்பதற்காகக் கட்டியது. குளம் வற்றியதும் ஆராயி என்ற ஆமையும் நொச்சி என்ற தவளையும் அங்கே குடியேறின.

தொட்டியின் அடி வெறும் சிமெண்டு. நடந்தால் ஆராயிக்குக் கால் வழுக்கியது. தண்ணீர் குடிக்க வந்த ரஞ்சிதம் என்ற மைனா அதைப் பார்த்துச் சிரித்தது.

“என்ன வீடடி இது! மொட்டைத் தலை மாதிரி இருக்கிறதே!”

ஆராயிக்குச் சுருக்கென்றது. “அப்படியானால் நீயே ஒரு தரை போட்டுக் கொடேன்!”

மைனா விர்ரென்று பறந்தது. வன விடுதித் தோட்டத்திலிருந்து கூழாங்கற்களைக் கொத்திக்கொண்டு வந்து போட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை! எல்லாம் புளியங்கொட்டை அளவு. தொட்டியின் அடி ஜொலித்தது.

நொச்சிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஆராயி சாப்பிடும் லட்சணம் அதற்குத் தெரியும். அடியில் புழுவைக் கண்டால் கழுத்தை நீட்டும், லபக்கென்று கவ்வும், அப்படியே விழுங்கும். மெல்லுகிற பேச்சே கிடையாது!

“ஆராயி, புழுவோடு கல்லும் உள்ளே போய்விட்டால்?”

“போடி பயந்தாங்கொள்ளி! இலை விழுந்தாலும் உனக்குப் பயம்!”

“பயமா? பொறாமை!” என்றது மைனா. “என் அலகின் வேலையைப் பார்க்க மானெல்லாம் வருகிறது, தெரியுமா?”

ஆராயி இரை கவ்வும்போதெல்லாம் நொச்சி அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை ஆராயி புழுவைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

“வயிறு கல்லாகக் கனக்கிறதடி,” என்று முனகியது.

“கல்லாக இல்லை, கல்லேதான்!” என்றது நொச்சி. “ரஞ்சிதம்! உன் கற்களையெல்லாம் எடு!”

“எவ்வளவு பாடுபட்டுப் போட்டேன்!”

“இவள் செத்துப்போனால் யாருக்கடி உன் தரை?”

மைனா சாய்ந்து கிடந்த ஆமையைப் பார்த்தது. பிறகு தண்ணீருக்குள் அலகை விட்டுக் கற்களைப் பொறுக்கத் தொடங்கியது.

நொச்சி தன் பலத்தையெல்லாம் கூட்டி ஆராயியைத் தொட்டியின் சரிவுக்குத் தள்ளியது. அங்கே வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்பு சூடானால் உள்ளே அடைத்தது நகரும் என்று ஒரு நம்பிக்கை. நகராவிட்டால்?

“வந்ததா?” என்றது மைனா.

“இல்லை.”

“இப்போது?”

“சும்மா இரேன்!”

பொழுது சாய்ந்தது. திடீரென்று ஆராயியின் வாலடியில் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம்!

“அட, என் சிவப்புக் கல்!” என்று கத்தியது மைனா.

“தாராளமாக எடுத்துக்கொள்! கழுவிவிட்டு எடுத்துக்கொள்!” என்றது நொச்சி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அதற்கு.

உடம்பு தேறியதும் ஆராயி கரையில் கிடந்த சொரசொரப்பான தட்டைக் கற்களை ஓட்டால் முட்டித் தள்ளித் தொட்டிக்குள் இறக்கியது. பளபளப்பு இல்லை. ஆனால் கால் வழுக்கவில்லை.

“நொச்சி, இது என் வாய்க்குள் போகுமா?”

“உன் தலையைவிடப் பெரிதடி. போகாது.”

“நிச்சயமாகவா? இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துச் சொல்லேன்!”

வாழும் இடத்தை, பார்க்கிறவர் கண்ணுக்காக அமைக்கக் கூடாது. அதில் வாழ்கிறவரின் இயல்புக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்.