மலையை எழுப்பிய மணப்பெண்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கெல்லாம் பேச்சு இருந்தது. குரங்குகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மேற்கு மலையின் முகடுகளில் கருமந்திகள் குடியிருந்தன. அடிவாரத்து மாந்தோப்புகளில் செம்பட்டைக் குரங்குகள் குடியிருந்தன. நிறம்தான் வேறே தவிர, இரண்டு கூட்டமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள்.

மலைப்பேச்சு ஒரு தினுசு. ஒவ்வொரு சொல்லின் வாலையும் பிடித்து நீட்டுவார்கள். "வாங்கோஓஓ" என்று சொன்னால் அது இந்த முகட்டில் கிளம்பி எதிர்முகட்டில் போய்த்தான் உட்காரும். ஆசைக்கா நீட்டினார்கள்? பக்கத்து வீடே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருந்தால் நீங்களும் நீட்டித்தான் பேசுவீர்கள்! மலைப்பனிக்கு அங்கே மஞ்சு என்று பேர். வந்த வழியே நடந்து போய்விடுவது நடைமஞ்சு. வந்து உட்கார்ந்துகொண்டு எதிரே இருக்கும் ஆளைக்கூட மறைத்துவிடுவது குருட்டு மஞ்சு. தினமும் விடியலில் ஒருத்தி உச்சிமரம் ஏறி, இன்றைக்கு என்ன மஞ்சு என்று பார்த்துக் கூவுவாள். அடுத்த முகடு அதை வாங்கிக் கூவும், அதற்கடுத்த முகடும் கூவும். அந்தக் கூவல் கேட்காமல் எவரும் கிளையை விட்டு இறங்க மாட்டார்கள்.

அப்படிக் கூவுகிறவள் காராத்தாள். அம்மாடி, என்ன தொண்டை அது! அவளுடைய அம்மாவும், அந்த அம்மாவுக்கு அம்மாவும் அதே மரத்திலிருந்து கூவியவர்கள்தான். அதைச் சொல்லும்போதெல்லாம் காராத்தாளின் வால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். அவளுக்கு ஒரே மகள், பெயர் சோலைச்சி.

நாவல் பழக் காலத்தில் மேலே வந்த அடிவாரத்து மருதன் சோலைச்சியைப் பார்த்தான். பார்த்ததும் பழத்தை மறந்தான். அவளுக்கும் அவன்மேல் உயிர். இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள். மருதனின் அம்மா தோப்பம்மாள் மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"பொண்ணு லட்சணமா இருக்கா, இல்லைன்னு சொல்லலை. ஆனா சம்பந்தியம்மா, உங்க பேச்சு காதைக் குடையுது. பனின்னா பனி. அதுக்கு எதுக்கு இத்தனை பேரு? எங்க பக்கம் எல்லாம் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. வா, போ, உட்காரு. முடிஞ்சுது."

காராத்தாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். சோலைச்சி அம்மாவின் வாலைப் பிடித்து இழுத்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு எங்க ஆளுங்க திரளா வருவாங்க," என்றாள் தோப்பம்மாள். "இந்தக் கூவலும் இழுவையும் காதுல விழுந்துது, அப்படியே மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கீழே போயிடுவேன். ஆமா, சொல்லிட்டேன்."

அவர்கள் போன பிறகு சோலைச்சி அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீ வாயைத் திறக்காதேம்மா."

"ஏண்டி, என் வாய் உனக்கு என்னடி பண்ணுச்சூஊஊ?"

"பாத்தியா, மறுபடியும் நீட்டுறே! மானம் போகுதும்மா."

ஊரார் சிரித்தால் காராத்தாள் திருப்பிக் கொடுத்திருப்பாள். பெற்ற மகளே சொன்னால் என்ன செய்வாள்? அழுதாள். அழுது முடித்துவிட்டு, "சரிடி. நீயே சொல்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். இந்த மலைச்சாமி மேல ஆணை," என்றாள்.

கல்யாண நாள் விடிந்தது. பழக்கம் விடுமா? காராத்தாள் உச்சிமரம் ஏறிவிட்டாள். மேற்கே பார்த்தாள். மலைக்குப் பின்னால் குருட்டு மஞ்சு பதுங்கிக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுது சாய்ந்ததும் இறங்கிவிடும். வாயைத் திறந்தாள். ஆணை நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள். அவசரமாக இறங்கி வந்து மகளைப் பிடித்து மேற்கே கையைக் காட்டினாள். சோலைச்சியோ, "வா. உட்கார். நலம்," என்று அடிவாரப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "மாப்பிள்ளை வீட்டாளுங்க அந்தப் பக்கமில்லேம்மா, கிழக்கேயிருந்துதான் வருவாங்க," என்று சொல்லிவிட்டு மறுபடியும் "வா. உட்கார்" என்று ஆரம்பித்தாள். கூவல் வராததைப் பார்த்து மற்ற முகடுகளும், கல்யாண வீட்டுக்கு ஏதோ கட்டுப்பாடு போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டன. அந்த மலை ஊமையாக விடிந்தது அன்றைக்குத்தான்.

அடிவாரத்துக்காரர்களுக்கு மஞ்சைப் பற்றி என்ன தெரியும்? நல்ல நேரம் மதியத்துக்கு மேல் என்று குறித்து, வெயில் சாய மேளத்தோடு ஏறினார்கள். தொங்குபாறைத் தடத்துக்கு வந்தபோது மஞ்சு இறங்கியது. அந்தத் தடம் ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். மேளம் பட்டென்று நின்றுபோனது.

"வழி எங்கே?"

"நில்!"

"யார் அது? ஐயோ!"

கல் உருண்டு விழும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. ஒரு குட்டி வீறிட்டது. பந்தலில் நின்ற சோலைச்சி வெளியே பாய்ந்தாள். முகட்டு விளிம்புக்கு ஓடி, படித்த பேச்சிலேயே கத்தினாள்.

"நில்! வா! இங்கே!"

சொற்கள் மஞ்சுக்குள் போய் அப்படியே அமுங்கின. கீழேயிருந்து மருதனின் குரல் வந்தது. "யாரு? எந்தப் பக்கம்?" அந்தக் குரல் தடத்தை விட்டு விலகி, பாதாளத்துப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

சோலைச்சி திரும்பிப் பார்த்தாள். காராத்தாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உச்சிமரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மூச்சில் ஆணையை உடைத்துவிடுவாள் என்று முகம் சொன்னது. கூவினால் கல்யாணம் நின்றுபோகும். கூவாவிட்டால் மருதன் போய்விடுவான். 'கல்யாணம் போனா போகட்டும். ஆளு இருக்கணும்!' சோலைச்சி ஒரே தாவலில் அம்மாவுக்கு முன்னால் மரத்தின் உச்சிக்குப் போனாள். அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தாள்.

"மருதாஆஆஆ! அடி எடுத்து வைக்காதேஏஏஏ! இது குருட்டு மஞ்சூஊஊஊ!"

கீழே எல்லாக் கால்களும் நின்றன. தூக்கிய தன் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று மருதன் பிற்பாடு சொன்னான்.

"அம்மா, நீயும் கூவும்மாஆஆ!" என்று சோலைச்சி அழுதுகொண்டே கத்தினாள். அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம் காராத்தாளின் தொண்டையிலிருந்து மடை உடைந்து வந்தது.

"வலக்கைப் பக்கம் பாறை இருக்கூஊஊ! அதைத் தொட்டுக்கிட்டே வாங்கோஓஓஓ!"

எதிர்முகடு விழித்துக்கொண்டது. "தொட்டுக்கிட்டே வாங்கோஓஓஓ!" அதற்கடுத்த முகடும் வாங்கியது. பாட்டன் பூட்டன் காலத்துக் குரலெல்லாம் சேர்ந்து வந்ததுபோல மலை மொத்தமும் கூவியது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு, குரல் வந்த பக்கமாகவே நடந்தார்கள். வீறிட்ட குட்டி முதலில் வெளியே வந்தது. மருதன் வந்தான். கடைசியாக, பூவெல்லாம் கலைந்து தோப்பம்மாள் வந்தாள். ஒரு உயிர்கூடக் குறையவில்லை.

சோலைச்சி மரத்தை விட்டு இறங்கி மாமியார் எதிரே நிமிர்ந்து நின்றாள்.

"நான்தான் கூவினேன் அத்தேஏஏ. இது எங்கம்மா பேச்சு, என் பேச்சு. இனிமே மறைக்க மாட்டேன். திரும்பிப் போறதுன்னா மஞ்சு விலகினதும் போங்க. வழிக்கு நாங்களே கூவுறோம்."

தோப்பம்மாள் பொத்தென்று உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கேடி திரும்பிப் போறது? நீங்க நீட்டின ஒவ்வொரு சொல்லும் கயிறு மாதிரி வந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறினேன். எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும். சம்பந்தியம்மா, எனக்கும் சொல்லிக் குடுங்க."

அங்கேயே எழுந்து நின்று, "சம்பந்தியம்மாஆ" என்று இழுத்துப் பார்த்தாள். குரல் பாதியில் பிசிறியது. மலையே சிரித்தது.

"இன்னும் நீட்டுங்கோ சம்பந்தீஈஈ! பாதிப் பள்ளத்தாக்குல விழுந்துடுச்சூஊஊ!" என்றாள் காராத்தாள். வால் வானத்தைப் பார்த்து நின்றது.

சோலைச்சி அம்மாவைக் கட்டிக்கொண்டு, "என்னை மன்னிச்சுக்கோம்மா," என்றாள். "போடி கழுதைஐஐ," என்று காராத்தாள் அவள் தலையை வருடினாள். மாலை மாற்றும்போது மேளம் தட்டவில்லை. எல்லா முகடுகளும் கூவின. அதைவிடப் பெரிய மேளம் ஏது?

வெகுகாலம் கழித்து விலங்குகளின் பேச்சு போனது. அடிவாரத்தின் துண்டுச் சொற்கள் எல்லாம் உதிர்ந்துபோய், வெறும் கீச்சுச் சத்தம் மிஞ்சியது. மலையிலும் சொற்கள் போயின. ஆனால் அந்த நீட்டலை யாராலும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. அந்தக் கல்யாண நாளுக்குப் பிறகு கருமந்திகள் ஒரு விடியலைக்கூட ஊமையாக விடியவிடுவதில்லை. இன்றும் மேற்கு மலையில் பொழுது புலரும்போது ஒரு கருமந்தி உச்சிக்கிளை ஏறி "ஊஊஊ" என்று கூவுகிறது. எதிர்முகடு பதில் கூவுகிறது. மலை ஏறுகிறவர்கள் நின்று, அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறார்கள்.