பவளத்தின் நகமும் ராஜாவின் மடியும்

கொன்றைக்கோட்டை ராஜா மகுடேசர் புலிக்குப் பயப்பட மாட்டார். பகை அரசருக்கும் பயப்பட மாட்டார். ஆனால் அவருடைய நாய் பவளம் லேசாக முனகினால் போதும், மனிதருக்குக் கை கால் உதறும்.

பவளம் கன்னங்கரேலென்ற வேட்டை நாய். பேர்தான் வேட்டை நாய். மெத்தையிலேயே புரண்டு புரண்டு அதன் நகங்கள் வளர்ந்து வளைந்துவிட்டன. நடந்தால் அரண்மனைத் தரையில் 'டக் டக்' என்று சத்தம். கொஞ்ச நாளில் நொண்டவும் ஆரம்பித்துவிட்டது.

"எதிரி தலையையே சீவுகிறவன் நான். நகம் எம்மாத்திரம்?" என்று முன்னால் வந்தார் தளவாய் மாடக்கண்ணு. நாலு வீரர்கள் நாயை அமுக்கிப் பிடித்தார்கள். தளவாய் ஒரே போடாக வெட்டினார். வெட்டு ஆழமாகிவிட்டது. ரத்தம் கொட்டியது. பவளம் போட்ட கூச்சலில் ராஜாவுக்கு மயக்கமே வந்துவிட்டது.

தெளிந்து எழுந்ததும் ராஜா கர்ஜித்தார். "இனிமேல் யார் நகம் வெட்டினாலும் சரி, என் பவளத்துக்கு என்னென்ன நடக்கிறதோ, அத்தனையும் வெட்டுகிறவனுக்கும் நடக்கும்! இது என் ஆணை!"

அதன் பிறகு யார் வருவார்கள்? நாயோ நாளுக்கு நாள் அதிகமாக நொண்டியது.

அவமானத்தில் வெந்துகொண்டிருந்த தளவாய் மெதுவாகச் சொன்னார். "அரசே, நம் சபையில் அம்பலக்கூத்தர் இருக்கிறாரே! பேச்சிலேயே மலையைப் புரட்டுகிறவர். நகத்தையும் அவரே வெட்டட்டுமே!"

அம்பலக்கூத்தர் விதூஷகர். உடம்பு பருத்தது, ஆனால் புத்தி கூர்மையானது. மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் நாய் நொண்டுவதைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"செய்கிறேன் அரசே. கொஞ்சம் அவகாசம் வேண்டும். வறுத்த ஈரலும் வேண்டும்."

முதலில் அவர் நகவெட்டியைத் தொடவே இல்லை. பவளத்தின் பாதத்தைத் தடவுவார், ஒரு துண்டு ஈரல் கொடுப்பார். அவ்வளவுதான். பிறகு விரலைப் பிடித்துப் பார்த்தார், ஈரல். நகவெட்டியை நகத்தில் சும்மா ஒட்டி எடுத்தார், அதற்கும் ஈரல்.

"என்ன ஓய், நகம் வெட்டுகிறீரா, பெண் பார்க்கிறீரா?" என்று தளவாய் கிண்டல் செய்தார்.

"இரண்டுக்கும் அவசரம் ஆகாது, தளவாயாரே!"

ஒருநாள் பவளம் தானாகவே பாதத்தை நீட்டியது. அன்றைக்கே சபையில் பாய் விரித்தார்கள். ராஜா கீழே உட்கார்ந்தார். அவர் மடியில் பவளம் தலை வைத்துப் படுத்தது.

"வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரியும். இது கறுப்பு நகம், தெரியாது. அதனால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். வெட்டிய இடத்தில் நடுவே கரும்புள்ளி தெரிந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே சீவினார் அம்பலக்கூத்தர்.

ஒவ்வொரு நகமாக முடிந்தது. கடைசி நகம். ராஜா ஆர்வம் தாங்காமல் குனிந்தார். நாயின் முடி மூக்கில் ஏறியது.

"அச்ச்ச்சூ!"

பவளம் துள்ளியது. நகவெட்டி தவறியது. ரத்தம் எட்டிப் பார்த்தது.

ராஜா அலறினார். அம்பலக்கூத்தர் பதறவில்லை. பக்கத்தில் தயாராக வைத்திருந்த அரிசி மாவை ஒரு சிட்டிகை எடுத்து நக நுனியில் அப்பி, அழுத்திப் பிடித்தார்.

"நின்றுவிட்டதா? எடுத்துப் பாருமே!"

"எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது அரசே. பொறுங்கள்."

"என் கண்ணே, என் ராசாத்தி!" என்று ராஜா நாயின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். நல்ல பேர் வாங்க இதுதான் சமயம் என்று தளவாய் மண்டியிட்டு, தன் உத்தரீயத்தால் நாய்க்கு விசிறினார்.

சற்று நேரத்தில் ரத்தம் நின்றது. "இன்றைக்கு ஓட விடாதீர்கள், நகத்தை நக்கவும் விடாதீர்கள்" என்றார் அம்பலக்கூத்தர்.

தளவாய் சட்டென்று எழுந்தார். "அரசே! ரத்தம் வந்ததை எல்லாரும் பார்த்தோம். ஆணை என்ன ஆயிற்று? அம்பலக்கூத்தர் விரலிலும் ரத்தம் வர வேண்டாமா?"

ராஜா நெளிந்தார். தும்மியது அவர்தான். ஆனால் ஆணையும் அவருடையதுதான். அம்பலக்கூத்தர் தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆணையை வார்த்தை பிசகாமல் நிறைவேற்றுங்கள் அரசே" என்று சொல்லிவிட்டு, ராஜாவின் பக்கத்தில் பாயில் சாய்ந்தார்.

"என்ன ஓய் செய்கிறீர்?"

"தங்கள் மடியில் தலை வைக்கிறேன். பவளத்துக்கு நடந்தது அத்தனையும் எனக்கும் நடக்க வேண்டும் என்பதுதானே ஆணை? முதலில் எனக்கு நாள்தோறும் வறுத்த ஈரல் ஊட்ட வேண்டும். பாதத்தைத் தடவிக் கொடுக்க வேண்டும். பிறகு தாங்கள் என்னை மடியில் போட்டு, 'என் ராசாத்தி' என்று கொஞ்சி, நெற்றியில் முத்தம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு துளி ரத்தம் எங்கே போய்விடப்போகிறது? அதன் முறை வரும்போது தந்துவிடுகிறேன்."

சபை குலுங்கியது. ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. தன் மோதிரத்தைக் கழற்றி அம்பலக்கூத்தர் விரலில் போட்டார். ஆனாலும் விளையாட்டை விட மனசில்லை. தளவாய் பக்கம் திரும்பினார்.

"மாடக்கண்ணு, மடிக்கு நான் தயார். மண்டியிட்டு இவருக்கு விசிறிவிட நீர் தயாரா?"

தளவாய் அம்பலக்கூத்தரின் பருத்த உடம்பை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பவளத்தின் நகத்தை வெகு கவனமாகக் குனிந்து பார்த்தார்.

"அரசே, என் கண்தான் ஏமாற்றிவிட்டது. அது ரத்தமே இல்லை. மருதாணி!"